நம் ஆலயச் சுவரில் யார் முகம்?

கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களின் தமிழ்ச் சபைகளில் பணிபுரியும் ஆலயக் குழுவினருக்கும் பங்குச் சபையினருக்கும் ஒரு திறந்த மடல்



உங்களில் பலர் இப்போது ஆலயத் திருத்த வேலையில் இறங்கியிருக்கிறீர்கள். கூரைத் தகரம் மாற்றுகிறீர்கள், பீடத்தின் பின்சுவருக்கு டைல்ஸ் பதிக்கிறீர்கள். அந்தச் சுவரில் மாட்டப் பெரிய படமொன்றுக்கும் பீடத்தில் வைக்கச் சொரூபமொன்றுக்கும் கொழும்பில் விலை கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் இந்த மடலை ஒருமுறை படித்துவிடுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். நம் ஆலயத்துக்கு வேண்டிய படத்தையும் சிலையையும் இந்த மலையில் பிறந்த ஒருவரின் கையால், நம் மக்களின் முகத்தைப் பார்த்து, நம் மண்ணைப் பின்னணியாக வைத்துச் செய்வியுங்கள். தோட்டத்துக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவன், தோட்டப் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பித்தவன் என்ற இரண்டு உரிமைகளில் கேட்கிறேன்.

இதற்கு முன்மாதிரி தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கண்டி நகரத்துக்குள்ளேயே இரண்டு ஆலயங்களை அடுத்தடுத்துப் பாருங்கள். தலதா மாளிகைக்குப் பக்கத்தில், தெய்வக் கோயில்களை ஒட்டி நிற்கும் பரிசுத்த பவுல் ஆலயம் 1840களில் எழுந்தது. செங்கல்லில் கட்டிய கோதிக் கட்டடம். அழகானதுதான், ஆனால் இங்கிலாந்தின் எந்தச் சிற்றூரில் அதைத் தூக்கி வைத்தாலும் பொருந்திவிடும். அதே ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த திரித்துவக் கல்லூரி ஆலயத்துக்குப் பிறகு போங்கள். 1923இல் வேலை தொடங்கி 1935இல் அபிஷேகம் செய்யப்பட்ட அந்த ஆலயத்தைக் கண்டியைத் தவிர வேறெங்கும் நினைத்துப் பார்க்க முடியாது.

அதை வடிவமைத்தவர் கல்லூரியின் உப அதிபராக இருந்த எல். ஜே. காஸ்டர் என்ற ஆங்கிலேயக் குருவானவர். 1904 முதல் 1924 வரை அதிபராக இருந்த ஏ. ஜி. பிரேசரின் காலத்தில் உருவான எண்ணம் அது. காஸ்டர் இங்கிலாந்துத் தேவாலயங்களின் வரைபடங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, தலதா மாளிகை வளாகத்தில் நிற்கும் மகுல் மடுவ என்ற அரச சபா மண்டபத்தை மாதிரியாக எடுத்துக்கொண்டார். சுற்றிலும் திறந்த மண்டபம், வரிசை வரிசையாகச் செதுக்கிய தூண்கள், மேலே தாழ்ந்து இறங்கும் ஓட்டுக் கூரை. மண்டபத்தில் மரமாக இருந்த தூணை அவர் கல்லில் செய்வித்தார். உள்ளூர்க் கல் தச்சர்கள் உளி பிடித்தார்கள். உள்ளே உட்கார்ந்தால் மழையின் இரைச்சலும் மரத்தின் காற்றும் ஆராதனைக்கு நடுவே தாமாகவே வந்து போகும். குளிர்நாட்டுக்காரர் சுவர் எழுப்பிக் குளிரைத் தடுத்தார்கள். இந்த ஊருக்கு அந்தச் சுவர் வேண்டியதில்லை என்பதைக் காஸ்டர் கண்டுகொண்டார்.

மகுல் மடுவவைப் பற்றி நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. 1783இல் அதைக் கட்டத் தொடங்கிய ராஜாதி ராஜசிங்கன் நாயக்க வம்சத்து அரசன், தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பத்தின் வாரிசு. அந்த வம்சத்தின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை நீக்கி, கண்டியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த 1815 மார்ச் 2ஆம் திகதி உடன்படிக்கை வாசிக்கப்பட்டதும் அதே மண்டபத்தில்தான். அதில் ஒப்பமிட்ட பிரதானிகளில் சிலர் தமிழ் எழுத்தில் ஒப்பமிட்டார்கள். ஆகவே கண்டிக் கலை சிங்களவருடையது, நமக்கு அதில் பங்கில்லை என்று ஒதுங்குகிறவர்கள் வரலாற்றை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

இனி அந்த ஆலயத்தின் சுவர் ஓவியங்களுக்கு வருகிறேன். அவற்றை வரைந்தவர் டேவிட் பெயின்டர். 1900இல் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தவர். தந்தை ஆங்கிலேய மிஷனரி, தாய் சிங்களப் பெண். நீலகிரியிலும் கண்டித் திரித்துவக் கல்லூரியிலும் படித்து, லண்டன் ரோயல் அக்கடமிக்குப் புலமைப்பரிசில் பெற்றுப் போனார். இத்தாலியின் தேவாலயச் சுவர்களையும் பார்த்துவிட்டு வந்து, படித்த கல்லூரியிலேயே சித்திர ஆசிரியரானார். 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் ஆலயச் சுவரில் நான்கு ஓவியங்கள் வரைந்தார். தன் மகன்மாருக்கு இடம் கேட்டு வந்த செபதேயுவின் மனைவி, சீடரின் கால்களைக் கழுவும் இயேசு, நல்ல சமாரியன், சிலுவை மரணம் ஆகியவையே அவை.

சிலுவை ஓவியத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். தொங்குகிறவர் தாடியில்லாத இளைஞர். உடம்பின் நிறம் நம் நிறம். பின்னணியில் சேற்று நீரில் வேர் பாய்ச்சி நிற்கும் கண்டல் மரங்கள், இலங்கையின் களப்போரங்களில் காணும் அதே மரங்கள். முதன்முதலாகப் பார்த்த பலருக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. தாடி இல்லாத இயேசுவா என்று கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள்.

அவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் உண்டு. ரோமாபுரியின் நிலவறைக் கல்லறைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் வரைந்த நல்ல மேய்ப்பன் தாடியில்லாத இளைஞன்தான். தாடியும் நீண்ட முடியும் கொண்ட முகம் பிற்பாடு நிலைபெற்றது. நம் லயக் காம்பிராக்களில் கலண்டராகவும் கண்ணாடிச் சட்டமிட்ட படமாகவும் தொங்குகிறதே, பழுப்பு முடியும் வெளிச்சம் விழுந்த நெற்றியுமாக ஒரு பக்கம் பார்க்கும் இயேசு, அந்த முகத்தைச் சிக்காகோவைச் சேர்ந்த வார்னர் சால்மன் என்ற ஓவியர் 1940இல் வரைந்தார். அது கோடிக்கணக்கில் அச்சாகி உலகமெங்கும் போனது. கத்தோலிக்க வீடுகளில் வைத்திருக்கும் இறை இரக்கப் படத்தின் முதல் வடிவம் 1934இல் வில்னியஸ் நகரத்தில் வரையப்பட்டது. ஆண்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். பழையது, பாரம்பரியமானது என்று நாம் நம்பும் அமெரிக்க முகத்தைவிடக் கண்டியின் சுவரில் இருக்கும் முகம் மூத்தது.

சிலர் உடனே ஒரு சந்தேகம் கிளப்புவார்கள். இப்படியெல்லாம் செய்தால் இந்துக் கோயில் மாதிரி ஆகிவிடாதா, பன்சலை மாதிரி ஆகிவிடாதா? அவர்களைப் பிலிமத்தலாவைக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். நம் போதகர்களில் பலர் பயின்ற இலங்கை இறையியல் கல்லூரி 1963 முதல் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கடலாதெனிய விகாரை. கம்பளை இராச்சியத்தின் காலத்தில், 1344இல், நான்காம் புவனேகபாகு மன்னன் ஆட்சியில் கட்டியது. கருங்கல் சுவர், தூண், தளம் எல்லாம் பார்த்தால் தமிழ்நாட்டுக் கோயிலுக்குள் நுழைந்தது போலிருக்கும், ஏனென்றால் அதைக் கட்டிய தலைமைச் சிற்பி தென்னிந்தியாவிலிருந்து வந்த கணேஸ்வராசாரி. உள்ளே இருப்பவர் புத்தர். அதே ஆண்டு அருகிலுள்ள லங்காதிலக விகாரை எழுந்தது. அதன் சிற்பியும் தென்னாட்டவர். அந்த விகாரை நிற்கும் பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது.

இதனால் பௌத்தம் இந்து சமயமாகிவிடவில்லை. அறுநூற்றெண்பது ஆண்டுகளாக அங்கே பௌத்தர்கள் பௌத்தர்களாகவே வணங்குகிறார்கள். ஒரு சமயம் இன்னொரு மண்ணின் கையை வாங்கித் தன் ஆலயத்தை எழுப்புவது இந்த மலைநாட்டின் பழைய பழக்கம். நாம் மட்டும்தான் அதைத் தொடங்கத் தயங்குகிறோம்.

காஸ்டரும் பெயின்டரும் கண்டியில் வேலை செய்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் சீனாவிலும் இதே வேலை நடந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, நமக்கு வேண்டிய பாடமும் எச்சரிக்கையும் அங்கே சேர்ந்தே கிடக்கின்றன.

சீனக் கிறிஸ்தவர்கள் தம் மூதாதையருக்கும் கன்பூசியஸுக்கும் செய்யும் மரியாதைச் சடங்குகளைத் தொடரலாமா என்று பதினேழாம் நூற்றாண்டில் ஒரு பெரிய சண்டை மூண்டது. மத்தேயோ ரிச்சியின் வழி வந்த யேசு சபையார் தொடரலாம் என்றார்கள். ரோமாபுரி கூடாது என்று முடிவெடுத்தது. 1742இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் அந்தத் தடையைக் கடைசியாக உறுதிப்படுத்தினார். அது நீங்க 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிறிஸ்தவனாக வேண்டுமென்றால் சீனனாக இருப்பதை விட்டுவிடு என்று சொல்லப்பட்டதாகவே ஊர் மக்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். அந்தச் சூழலில் 1922இல் பாப்பரசரின் பிரதிநிதியாகச் சீனாவுக்கு வந்தவர் செல்சோ கொஸ்தந்தினி. இத்தாலியர், தாமே சிற்பியுங்கூட. பார்த்த இடமெல்லாம் கோதிக் கோபுரங்கள். சீனத்துக் கலை இவ்வளவு வளமாக இருக்க, ஐரோப்பியக் கட்டடத்தையும் படத்தையும் இறக்குமதி செய்வதால் கிறிஸ்துவம் அந்நியரின் சமயமாகவே நிற்கிறது என்று அவர் எழுதியும் பேசியும் வாதாடினார். பெய்ஜிங்கில் சென் யுவாந்து என்ற ஓவியரைச் சந்தித்து, சீன முறையில் கிறிஸ்தவ ஓவியம் வரைய ஊக்கப்படுத்தினார். பட்டுத்துணியில் மையும் நீர்வண்ணமும் கொண்டு மரியாளையும் குழந்தையையும் சீன மலைகளுக்கும் மூங்கிலுக்கும் நடுவே சென் வரைந்தார். அப்போது அவர் கிறிஸ்தவர்கூட இல்லை. 1932இல்தான் ஞானஸ்நானம் பெற்று லூக்கா என்று பெயர் வைத்துக்கொண்டார். ஃபூ ஜென் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் அவரைச் சுற்றி ஓர் ஓவியக் குழுவே உருவானது.

பாடம் இதுதான்: கலைஞனிடம் சொந்த மரபிலேயே வேலை செய்யச் சொல், மற்றதை அவன் பார்த்துக்கொள்வான். எச்சரிக்கை வேறு. அந்த ஓவியங்களை வெளிநாட்டவர் மெச்சினார்கள், சீனக் கிறிஸ்தவர்களில் பலர் விரும்பவில்லை. தலைமுறை தலைமுறையாக ஐரோப்பியப் படத்தின் முன் செபித்தவர்களுக்கு அதுவே உண்மையான படமாகியிருந்தது. நம் திருச்சபைகளிலும் இந்த முயற்சியைத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவரோ, மேல்நாட்டில் படித்துத் திரும்பியவர்களோதான். கீழே இருந்தவர்களைக் கேட்காமல் மேலே இருந்தவர்கள் முடிவெடுத்தார்கள். அழகான முடிவுதான், என்றாலும் கேட்கவில்லை.

இன்னொன்றும் என் மனத்தை அழுத்துகிறது. மண்ணின் பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றினோம் என்று பெருமைப்படும்போது, யாருடைய பண்பாடு என்று கேட்க வேண்டும். காஸ்டர் எடுத்துக்கொண்டது அரசனின் மண்டபத்தை. பெய்ஜிங்கில் கைக்கொண்டது கற்றறிந்தோரின் ஓவிய மரபு. மதுரையில் யேசு சபைக் குருவான ரொபர்ட் தெ நொபிலி 1600களின் தொடக்கத்தில் காவியும் பூணூலுமாக நடந்தது பிராமணரை நோக்கி. வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்கு நம் பெண்களின் சேலை உடுத்தியபோதுதான் மரியாள் கொஞ்சம் கீழே இறங்கி வந்தார். அதனால்தான் இன்றும் அந்தத் தாயைத் தேடி உழவர்களும் கூலியாட்களும் போகிறார்கள்.

நம் மலைக்கு வாருங்கள். கண்டியைச் சுற்றிய கோப்பித் தோட்டங்களில் வேலை செய்த நம் முன்னோருக்காக 1854இல் ஆங்கிலிக்க மிஷன் தொடங்கியபோது, அதற்கு வைத்த பெயரிலேயே கூலி என்ற சொல் இருந்தது. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள், தமிழில் போதித்தார்கள், பாட்டுப் படிப்பித்தார்கள். அந்த உழைப்புக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆனால் தப்பு கோயிலுக்கு வெளியே நின்றது. காமன் கூத்து வெளியே நின்றது. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் வெளியே நின்றன. சிலவற்றை மூடநம்பிக்கை என்றார்கள். தப்பைப் பற்றி வாய்விட்டுச் சொல்லாத காரணம் சாதி. தப்படித்தவர்களின் பிள்ளைகளே ஞானஸ்நானம் பெற்றபின் தப்பைக் கண்டு கூசினார்கள். சொந்தக் கலையை இழிவென்று கற்ற மக்கள், தூரத்திலிருந்து வந்த படத்தைத் தூய்மை என்று எடுத்துக்கொண்டதில் வியப்பேதும் இல்லை. அந்தப் படம் அவர்களுக்கு ஒரு மரியாதையைக் கொடுத்தது. அதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன்.

ஆனால் காலம் மாறியிருக்கிறது. மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு, நாங்கள் பறட்டை அண்ணன் என்று அறிந்தவர், பறையையும் நாட்டுப்புற மெட்டையும் திருவழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்தில் மரிய சேவியர் அடிகள் 1965இல் நிறுவிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் காட்சியைத் தமிழ் அரங்கின் உயரத்துக்குக் கொண்டுபோனது. மன்னாரின் கத்தோலிக்கர்கள் தலைமுறைகளாகக் கூத்திலேயே புனிதர்களின் கதையை ஆடி வருகிறார்கள். கரையோரத் தமிழர் செய்ததை மலையகத் தமிழர் இன்னும் செய்யவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

2023இல் நம் முன்னோர் மலையகத்துக்கு வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, நம் முன்னோர் நடந்து வந்த பாதையில், மக்கள் நடந்தார்கள். திருச்சபைகளும் அந்த நடைபயணத்தில் பங்கெடுத்தன. உங்களில் சிலர் நடந்தீர்கள், சிலர் வழியில் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தீர்கள். காட்டுப் பாதையில் கொள்ளை நோயிலும் பசியிலும் விழுந்தவர்களுக்குக் கல்லறை இல்லை. கத்தோலிக்க ஆலயங்களில் பதினான்கு தலங்களாகச் சிலுவைப்பாதை மாட்டியிருக்கிறீர்கள். அந்தப் பதினான்கு தலங்களையும் மன்னார் மாத்தளைப் பாதையில் வரையச் சொல்லுங்கள். முதல் தலம் தலைமன்னார் இறங்குதுறை. இயேசு மூன்று தடவை விழும் இடங்கள் அந்தக் காடு. வெரோனிக்கா முகம் துடைக்கக் கொடுப்பது தலைப்பாகைத் துணி. எருசலேமின் பெண்கள் அழும் இடத்தில் தலைச்சுமையோடு நிற்கும் நம் பெண்கள். பெரிய வெள்ளியன்று அந்தத் தலங்களுக்கு முன்னால் முழந்தாளிடும் ஒரு பாட்டிக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

கால் கழுவுதலையும் சொல்கிறேன். கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்ணின் காலைப் பார்த்திருக்கிறீர்கள். குதிகால் வெடிப்பில் மண் ஏறிக் கறுத்திருக்கும். கணுக்காலுக்கு மேலே அட்டை கடித்த இடங்கள் புள்ளி புள்ளியாகத் தழும்பாகியிருக்கும். மழைக்காலத்தில் விரலிடுக்கில் சேற்றுப்புண். வேலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டிய படங்கின் ஓரம் உராய்ந்து முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு விழுந்திருக்கும். அந்தக் காலை ஒருவர் குனிந்து கையில் எடுத்தால் அதுதான் சுவிசேஷம். பெயின்டர் கால் கழுவும் இயேசுவைக் கண்டியில் வரைந்தார். களனியில் அலோசியஸ் பீரிஸ் அடிகள் 1974இல் தொடங்கிய துலானா நிலையத்துக்காக ஹத்திகம்மன உத்தரானந்த தேரர் என்ற பௌத்தத் துறவி அதே காட்சியை வரைந்தார். பெரிய வியாழன் சடங்கில் பெண்களின் கால்களையும் கழுவலாம் என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2016இல் அனுமதித்தார். தேயிலைத் தோட்டத்து ஆலயமொன்றின் சுவரில் இந்தக் காட்சி நம் பெண்ணின் காலோடு வருவதற்கு இப்போது தடையேதும் இல்லை.

துலானாவைக் குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டில் பௌத்த, இந்து வடிவங்களைக் கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொண்டால், ஆள் பிடிக்கப் போடும் மாறுவேடம் என்ற பேச்சு எழும். அந்தப் பயம் வீணானதென்று தள்ளிவிடாதீர்கள். பீரிஸ் அடிகள் செய்த வழி நேர்மையானது. பௌத்தக் கலைஞரிடமே இயேசுவைப் பற்றி நீங்கள் கண்டதைச் செய்யுங்கள் என்று கேட்டார். திருடிக்கொள்வதற்கும் விருந்தாளியாக அழைப்பதற்கும் உள்ள வேறுபாடு அதில் இருக்கிறது. நமக்கோ அந்தச் சிக்கலே குறைவு. தப்பும் கூத்தும் லயமும் கொழுந்துக் கூடையும் யாரிடமிருந்தும் எடுத்தவையல்ல. அவை நம்முடையவை. சந்தேகம் வந்தால் சந்திரவட்டக் கல்லையும் மகர தோரணத்தையும் விட்டுவிடுங்கள், பீலிக்கரையை வரையுங்கள்.

வயதானவர்களின் மனம் புண்படுமே என்பீர்கள். புண்படக் கூடாது. பழைய படத்தைக் கழற்றி வீசாதீர்கள். அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும், புதியது எதிர்ச்சுவரில் வரட்டும். வரைபவர் முதலில் சிறிய மாதிரி வரைவு ஒன்று செய்யட்டும். அதை ஆலயத்தின் பின்பக்கம் ஒரு மாதத்துக்குத் தொங்கவிட்டு, ஆராதனை முடிந்து போகிறவர்கள் பேசுவதைக் கேளுங்கள். பாட்டிமார் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் சொல்வதையும். பெய்ஜிங்கிலும் கண்டியிலும் தவறவிட்டது இந்த ஒரு மாதத்தைத்தான்.

ஓவியர் எங்கே என்று கேட்காதீர்கள். மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தா அழகியல் கற்கைகள் நிறுவகத்திலும் யாழ்ப்பாணத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்திலும் படித்துவிட்டு, நம் தோட்டப் பாடசாலைகளில் சித்திரம் கற்பிக்கும் இளைஞர்களும் பெண்களும் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு வாசலில் அலங்காரம் எழுத மட்டும் அவர்களைக் கூப்பிடுகிறோம். பெரும்பாலும் சும்மாவே செய்யச் சொல்கிறோம். இந்தத் தடவை கூலி பேசி, எழுத்தில் ஒப்பந்தம் செய்து, பாதியை முன்பணமாகக் கொடுத்து வேலை கொடுங்கள். அவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர், கிறிஸ்தவரா இல்லையா என்று பார்க்காதீர்கள். கணேஸ்வராசாரியை யாரும் அப்படிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வேலை நிலைக்க வேண்டுமானால் சில ஒழுங்குகள் வேண்டும். மண்மேட்டை ஒட்டிய சுவரில் ஒருபோதும் நேரடியாக வரையச் சொல்லாதீர்கள். மலைநாட்டு ஈரத்தில் அந்த வண்ணம் உப்புப் பூத்து உதிர்ந்துவிடும். கூரை ஒழுக்கையும் பீலியையும் முதலில் சரி செய்யுங்கள். கன்வஸிலோ ஒட்டுப்பலகையிலோ வரைவித்து, சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்றுப் போக இரண்டு விரல் இடைவெளி விட்டு மாட்டுவது பாதுகாப்பு. மெழுகுதிரித் தட்டை நேர் கீழே வைக்காதீர்கள், புகை ஏறி இரண்டு மூன்று வருடத்தில் முகம் கறுத்துவிடும்.

பெரிய படத்துக்கு வசதியில்லாத சிறிய சபைகள் நத்தார்க் குடிலில் தொடங்கலாம். ஒவ்வொரு மார்கழியும் பிள்ளைகள் பாசியும் சைப்பிரஸ் கிளையும் கொண்டுவந்து குடில் கட்டுகிறார்கள், அதற்குள் கடையில் வாங்கிய செம்மறியாடுகளை வைக்கிறார்கள். நம் லயத்துப் பிள்ளைகள் செம்மறியைப் பார்த்ததில்லை. ஆட்டையும் பசுவையும் களிமண்ணில் அவர்களே செய்யட்டும். இராக்காவல் காக்கும் தோட்டக் காவற்காரர் மேய்ப்பராக நிற்கட்டும். லயத்து இஸ்தோப்பில் பாலன் பிறக்கட்டும். ஒரு செலவும் இல்லாத வேலை. பத்து வயதில் அந்தக் குடிலைச் செய்த பிள்ளை, முப்பது வயதில் ஆலயக் குழுவில் உட்காரும்போது வேறு மாதிரி யோசிக்கும்.

உங்கள் அடுத்த குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விடயமாகச் சேருங்கள். கூட்டத்துக்கு முன் குழுவில் உள்ள எல்லாரும், பெண்களையும் இளைஞர்களையும் கூட்டிக்கொண்டு, ஒரு நாள் அனுமதி பெற்றுத் திரித்துவக் கல்லூரி ஆலயத்துக்குப் போய்ப் பாருங்கள். பிற்பகலில் கடலாதெனியவுக்கும் போய் வாருங்கள். அதற்குப் பிறகும் கொழும்பில் விலை கேட்ட படம்தான் வேண்டுமென்று சபை முடிவு செய்தால் அதை வாங்குங்கள். அதுவரை முன்பணம் அனுப்பாமல் வையுங்கள்.

அன்புடன்,
கண்டியிலிருந்து, ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் ஒருவர்